ஸ்பைக், ஸ்டாண்ட், ரப்பர் பாதம்: அதிர்வைத் தடுத்தால் வீட்டில் இசை மேம்படுமா?

6 ஜனவரி 2024 – வாசகர் கேள்வி

என்னிடம் ஒரு டர்ன்டேபிள், ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர், ஒரு சிடி பிளேயர், தாழ்ந்த ஒலிகளுக்கான ஆறரை அங்குல வூஃபர் கொண்ட இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. எல்லாமே ஹாலில் உள்ள நீளமான பிளைவுட் ஷோகேஸின் மேல்தான் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் கீழும் கூர்முனை கொண்ட பித்தளை ஸ்பைக்கோ விசேஷ ரப்பர் பாதமோ வைத்தால் இசை முற்றிலும் மாறிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். அவர் கேட்கும் விலை என் ஆம்ப்ளிஃபயரின் விலையில் பாதி. இதில் உண்மை உண்டா, அல்லது காசு பறிக்கும் வேலையா?

6 ஜனவரி 2024, இரவு

நான்கு கருவிகளுக்கும் சேர்த்து ஒரே விடை சொல்கிறவர் ஆதரித்தாலும் சரி, மறுத்தாலும் சரி, அவரை நம்ப வேண்டாம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கருவிக்குள் எந்த இடத்தில் அசைவு மின்சாரமாகிறது? டர்ன்டேபிளில் அது ஊசியை ஏந்திய கார்ட்ரிட்ஜில் நடக்கிறது. ஆகவே மேசையின் நடுக்கம் இசையோடு நேரடியாகக் கலந்துவிடும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் அப்படிப்பட்ட இடம் கிட்டத்தட்ட இல்லை. சிடி பிளேயரில் தட்டைப் படிக்கும் ஒளிக்கற்றை நடுங்கக்கூடும், ஆனால் அதன் பின்னால் பிழை திருத்தும் கணக்கு ஒன்று காவல் நிற்கிறது. ஸ்பீக்கரில் நிலைமை தலைகீழ். அங்கே மின்சாரம் அசைவாகிறது. அந்த அசைவு கூடவே எதையெல்லாம் ஆட்டுகிறது என்பதுதான் கவலை.

கணக்குகளைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் ஸ்பீக்கர்களை ஷோகேஸிலிருந்து இறக்கி, வீட்டில் இருக்கும் இரண்டு முக்காலிகளின் மேல் வைத்துக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் அதுவரை காத்திருப்பார்.

7 ஜனவரி

டர்ன்டேபிளில் தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த விவாதம் முழுவதும் அங்கேதான் பிறந்தது. இசைத்தட்டின் பள்ளத்தில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலி, நொடிக்கு 5 சென்டிமீட்டர் என்ற உச்ச வேகத்தில் பதிவாகியிருந்தால், ஊசி நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் நகரும் தூரம் ஏறத்தாழ 8 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. அதைவிட 60 டெசிபல் தாழ்ந்த மெல்லிய ஒலிக்கு அந்த நகர்வு ஆயிரத்தில் ஒரு பங்காகி, 8 நானோமீட்டர் ஆகிவிடும். இந்த அளவு அசைவை இசையாக மாற்றும் ஒரு கருவி, அடுத்த அறையில் ஓடும் வாஷிங் மெஷினை மட்டும் பொருட்படுத்தாமல் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துப் பதித்து, கேட்கும்போது, கார்ட்ரிட்ஜின் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கும் ஃபோனோ ஆம்ப்ளிஃபயரில் உயர்த்துவது ஆர்ஐஏஏ முறை. அதனால் 50 ஹெர்ட்ஸ் அருகில் வருவது எதுவாயினும், 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட ஏறத்தாழ 17 டெசிபல், அதாவது ஏழு மடங்கு பெருக்கப்படுகிறது. நம் வீடுகளில் கீழ்த்தளத்தில் இருக்கும் தண்ணீர் மோட்டார் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் இருமுனை மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். அப்படியானால் அதன் நடுக்கம் 48 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். பெருக்கப்படும் இடத்திலேயே வந்து அமர்கிறது.

இனி ரப்பர் பாதம். எந்தத் தாங்கியும் தன் மேலுள்ள எடையோடு சேர்ந்து ஓர் இயல் அதிர்வெண்ணில் ஆடும். அந்த அதிர்வெண்ணின் 1.4 மடங்குக்கு மேலே வருகிற அதிர்வைத்தான் அது குறைக்கும்; அதற்குக் கீழே குறைக்காது, இயல் அதிர்வெண்ணின் அருகில் பெருக்கவும் செய்யும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. கருவியை மேலே வைத்ததும் தாங்கி எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் போதும். 12 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங்குக்கு 4.5 ஹெர்ட்ஸ் கிடைக்கும். மோட்டாரின் 48 ஹெர்ட்ஸ் நடுக்கத்தில் நூறில் ஒரு பங்குகூட மேலே ஏறாது. வெறும் 0.2 மில்லிமீட்டர் அமுங்கும் கெட்டி ரப்பருக்கு 35 ஹெர்ட்ஸ் கிடைக்கும். 48 ஹெர்ட்ஸ் நடுக்கம் அதன் வழியே சற்றுப் பெருகியே ஏறும். கடையில் அழகான அலுமினியக் குப்பிக்குள் விற்கும் பாதங்களில் பல இந்த இரண்டாம் வகை. அமுங்காத ரப்பர் எதையும் தடுக்காது என்பதை விலைச்சீட்டு சொல்வதில்லை.

7 ஜனவரி, பிற்பகல்

ஸ்பைக் பற்றிக் கேட்டவருக்கு: கூர்முனை அதிர்வைக் கருவியிலிருந்து கீழே ‘வடித்துவிடும்’, மேலே வர விடாது என்ற விளக்கத்துக்கு இயற்பியலில் இடமில்லை. கெட்டியான இணைப்பு இரு திசையிலும் கெட்டியான இணைப்புதான். ஸ்பைக்கின் உண்மையான பயன் வேறு. கம்பளத்தைத் துளைத்துக்கொண்டு கீழுள்ள தரையைத் தொட்டு, ஸ்டாண்ட் தள்ளாடாமல் நிற்க உதவுகிறது. மொசைக்கும் வெற்றிஃபைட் டைல்ஸும் போட்ட ஹாலில் அது டைல்ஸில் பொட்டு வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

9 ஜனவரி

இங்கிலாந்துப் பத்திரிகைகளில் ஸ்டாண்ட் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறார்களே, அத்தனையும் கற்பனையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கற்பனை இல்லை, அவர்களுடைய தரை வேறு. அங்கே பழைய வீடுகளில் மர உத்தரங்களின் மேல் பலகை அடித்த தரைதான் பெரும்பாலும் உண்டு. ஒருவர் நடந்தால் அறையே மெல்ல ஆடும். அந்த ஆட்டம், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன் ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஆடுகிற இயல் அதிர்வெண்ணுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. ஆர்மின் பயனுறு நிறை கார்ட்ரிட்ஜோடு சேர்த்து 20 கிராம், ஊசியின் நெகிழ்வு 12 அலகு என்றால் அந்த எண் 10 ஹெர்ட்ஸ். பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அமையுமாறு தேர்ந்தெடுப்பார்கள். அதற்குக் கீழே வளைந்த தட்டின் மேடுபள்ளங்கள், அதற்கு மேலே இசை. மரத்தரையில் ஒருவர் காபி எடுத்துவர நடந்தால் ஊசி குதிக்கும். ஆகவே அவர்கள் டர்ன்டேபிளைச் சுவரில் மாட்டினார்கள்.

அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1961-இல் கொண்டுவந்த ஏஆர் டர்ன்டேபிள் இதற்கு வேறு வழி கண்டது. தட்டும் ஆர்மும் ஒரே உள்சட்டத்தில் அமர, அந்தச் சட்டம் மூன்று ஸ்பிரிங்குகளில் மிதக்கும். மோட்டார் மட்டும் வெளிச்சட்டத்தில் நிற்கும். 1970-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் வந்த லின் எல்பி12 அதே கொள்கையைப் பின்பற்றியது. டெக்னிக்ஸ் நிறுவனத்தார் எஸ்எல்-1200 மார்க் 2 மாடலில் (1979) எதிர்த்திசையில் போனார்கள்: ஸ்பிரிங் உள்சட்டம் இல்லை, கனமான அலுமினிய வார்ப்பு, அதனடியில் தடித்த ரப்பர், மெத்தென்ற பாதங்கள். டிஸ்கோவில் ஆளுயர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தும், அதன் ஒலி ஊசிக்குள் திரும்பப் புகுந்து ஊளையிடாமல் இருக்க வேண்டுமே.

நமக்குக் கான்கிரீட் தளம் வாய்த்திருக்கிறது. நடப்பதால் ஊசி குதிப்பது இங்கே அபூர்வம். குதித்தால் குற்றவாளி தரையாக இராது, மேசையாகவே இருக்கும். பழைய வீடுகளில் இன்னொரு வசதியும் உண்டு. செங்கல் சுவருக்குள் பதித்த கடப்பா கல் தட்டுகள் இருக்கின்றனவே, அவற்றைவிட நல்ல டர்ன்டேபிள் ஸ்டாண்டை நான் இதுவரை பார்த்ததில்லை. 60 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் 2.5 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள கல் ஏறத்தாழ 18 கிலோ எடையிருக்கும். மூன்று பக்கமும் சுவரில் புதைந்திருக்கும். என் டர்ன்டேபிள் இப்போது இருப்பது அங்கேதான். ஊறுகாய் ஜாடிகள் வேறு இடத்துக்குப் போய்விட்டன. அது பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

10 ஜனவரி

‘மின்விசிறி ஓடும்போது இதெல்லாம் கேட்குமா?’ – கேட்காது. விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்பதே பெரும்பாலான வீடுகளில் செலவில்லாத முதல் மேம்பாடு. ஏப்ரல் மாதத்தில் இதைச் செய்யச் சொல்லவில்லை.

14 ஜனவரி

ஊகத்தை விட்டுவிட்டு அளந்து பார்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் செய்து பார்த்த முறையை எழுதுகிறேன், யாரும் செய்யலாம். டர்ன்டேபிளை நிறுத்தி, அசையாத தட்டின் மேல் ஊசியை இறக்கிவைக்க வேண்டும். ஃபோனோ ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். அதே நேரத்தில் சிடி பிளேயரில் ஏதாவது ஒரு கச்சேரியை வழக்கமான ஒலியளவில் ஸ்பீக்கர்களின் வழியே ஓடவிட வேண்டும். பிறகு அந்தப் பதிவை ஹெட்ஃபோனில் கேட்டால், அறையும் மேசையும் ஊசிக்குள் எதை ஊற்றுகின்றன என்பது தெரிந்துவிடும்.

டர்ன்டேபிளும் ஸ்பீக்கரும் ஒரே பிளைவுட் ஷோகேஸில் இருந்தபோது எடுத்த பதிவில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி தெளிவாகத் தாளம் பிடிக்கும் அளவுக்குக் கேட்டது; பாடகரின் கீழ் ஸ்தாயியும் அடையாளம் தெரிந்தது. தட்டே ஓடவில்லை என்பதை நினைவில் வையுங்கள். கடப்பா கல்லுக்கு மாற்றியபின் தொப்பி ஒலி மிகவும் தேய்ந்து போயிற்று, ஆனால் அடியோடு மறையவில்லை. மிச்சத்தைத் தேடியபோது அது காற்று வழியே வருவது புரிந்தது. டர்ன்டேபிளின் பிளாஸ்டிக் மூடி மேலே தூக்கி நிற்கும்போது ஸ்பீக்கரின் ஒலியை வாங்கி அடிச்சட்டத்துக்குக் கொடுக்கிறது. மூடியைக் கழற்றி வைத்ததும் இன்னும் ஒரு படி இறங்கியது. எந்தப் பாதமும் எந்த ஸ்டாண்டும் காற்று வழி வருவதைத் தொடாது. மூடியைக் கழற்றியபின் மிஞ்சுவதற்கு மருந்து தூரம் மட்டுமே. ஸ்பீக்கரின் நேர் முன்னாலும் அறையின் மூலையிலும் டர்ன்டேபிளை வைக்காதீர்கள். மூலையில்தான் தாழ்ந்த ஒலியின் அழுத்தம் கூடுதலாக இருக்கும்.

இன்று காலையில் மறுபடியும் அளக்க உட்கார்ந்தேன். தெருவில் போகிக் கொட்டு. அசையாத ஊசி அதையும் விசுவாசமாகப் பதிவு செய்தது.

16 ஜனவரி

ஸ்பீக்கருக்கு வருவோம். அதில் முன்னும் பின்னும் ஆடி ஒலி எழுப்புவது கூம்பு. ‘கூம்பு முன்னே போகும்போது பெட்டி பின்னே உதைக்கும், அந்த உதையை ஸ்பைக்கால் அடக்கினால் நுணுக்கங்கள் பிழைக்கும்’ என்பது பொதுவான வாதம். உதை உண்மை. அதன் அளவை நாமே போட்டுப் பார்க்கலாம். ஆறரை அங்குல வூஃபரின் அசையும் நிறையை 15 கிராம் என்றும், பெட்டியின் எடையை 8 கிலோ என்றும் கொள்வோம். கூம்பு அசைவதில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பெட்டி அசையும். கூம்பின் பரப்பு 130 சதுர சென்டிமீட்டர், பெட்டியின் முகப்பு 20-க்கு 35, அதாவது 700 சதுர சென்டிமீட்டர். பரப்பு ஐந்து மடங்குக்கு மேல் கூடுவதால், பெட்டி தன் முகப்பால் எழுப்பும் ஒலி கூம்பின் ஒலியில் நூறில் ஒரு பங்கு, அதாவது 40 டெசிபல் கீழே நிற்கும். பெட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று எதிராகத் தள்ளுவதால் தாழ்ந்த ஒலிகளில் அதுவும் பெருமளவு அழிந்துவிடும். பெட்டியின் பக்கச் சுவர்கள் தாமாக அதிர்வது வேறு சங்கதி. பிபிசியின் ஆய்வுத் துறை 1970-களில் அதைத்தான் தீவிரமாக ஆராய்ந்து, தடித்த மரத்துக்குப் பதிலாக மெல்லிய பிளைவுட்டில் தணிப்புப் பூச்சு ஒட்டும் வழிக்குப் போனது. எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் அந்த வழியில் பிறந்ததுதான். அது பெட்டி செய்பவரின் வேலை. கீழே வைக்கும் பாதத்தால் அதைச் சரிசெய்ய முடியாது.

அப்படியானால் ஷோகேஸிலிருந்து இறக்கச் சொன்னது ஏன்? ஷோகேஸின் மேல்பலகை தம்புராவின் குடம்போல நடந்துகொள்கிறது. கூம்பின் பரப்பைப்போல் ஐம்பது மடங்குள்ள பலகை, தனக்குப் பிடித்த சில சுருதிகளில் மட்டும் சேர்ந்து பாடும். பிளைவுட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு ஓர் ஆண்குரல் பாட்டைக் கேளுங்கள். சில ஸ்வரங்களில் உள்ளங்கை கூசும். அந்த நிலையில் ஸ்பீக்கரின் கீழ் மெத்தென்ற தாங்கி வைத்தால் நிச்சயமாக வித்தியாசம் தெரியும். ஷோகேஸை விட்டு ஸ்பீக்கரை நகர்த்தவே முடியாத வீடுகளில் தாங்கிக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல என்று ஒப்புக்கொள்கிறேன். கான்கிரீட் தரையில் கனமான ஸ்டாண்டின் மேல் இருக்கும் ஸ்பீக்கருக்கு அதே தாங்கி ஏறத்தாழ ஒன்றும் செய்யாது.

ஸ்டாண்டின் முதன்மையான வேலை உயரம். இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை, ஏனென்றால் உயரத்துக்குக் காப்புரிமை வாங்க முடியாது. கேட்பவரின் காது 1 மீட்டர் உயரத்தில், ஸ்பீக்கரிலிருந்து 2.5 மீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஸ்பீக்கரின் நடுப்பகுதி தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், தரையில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு மோதி முதலில் அழிவது ஏறத்தாழ 475 ஹெர்ட்ஸில். அதையே 90 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் அந்தப் பள்ளம் 270 ஹெர்ட்ஸ் அருகே இறங்கிவிடும். இரண்டும் மனிதக் குரலின் எல்லைக்குள் இருப்பதால் குரலின் உடலே மாறியதுபோல் கேட்கும். பின்சுவரின் தூரமும் அப்படியே: ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் இருந்தால் 145 ஹெர்ட்ஸ் அருகிலும், 1 மீட்டர் இருந்தால் 87 ஹெர்ட்ஸ் அருகிலும் பள்ளம் விழும். புது ஸ்டாண்ட் வாங்கியவர் ஸ்பீக்கரை ஷோகேஸிலிருந்து எடுத்து, முன்னே தள்ளி, உயர்த்தி, கோணம் திருப்பி வைக்கிறார். மாறியது ஏராளம். பெயர் மட்டும் ஸ்பைக்குக்குப் போய்ச் சேர்கிறது.

17 ஜனவரி

7-ஆம் தேதிக் குறிப்பில் கொடுத்த வாய்ப்பாட்டை ரப்பருக்கு அப்படியே போடலாமா என்று இயந்திரப் பொறியாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். எஃகு ஸ்பிரிங்குக்கு அது அப்படியே பொருந்தும். ரப்பர் விரைவாக ஆடும்போது, மெதுவாக அமுக்கும்போது இருப்பதைவிட விறைப்பாக நடந்துகொள்ளும். ஆகவே உண்மையான இயல் அதிர்வெண் கணக்கில் வருவதைவிட மேலே இருக்கும். கெட்டி ரப்பரின் நிலைமை நான் எழுதியதைவிட இன்னும் மோசம் என்று இதற்குப் பொருள். சார்போத்தேன்போன்ற பிசுபிசுப்பான பாலியூரித்தேன் வகைகள் தணிப்பில் சிறந்தவை. ஆனால் ஒவ்வொரு பட்டைக்கும் குறிப்பிட்ட எடை வரம்பு உண்டு. எடை குறைவாக இருந்தால் அது வெறும் கட்டி. கூடினால் நசுங்கிச் சப்பையாகிவிடும். நான்கு பாதங்களிலும் எடை சமமாக விழாது என்பதையும் மறக்க வேண்டாம். டர்ன்டேபிளில் மோட்டார் இருக்கும் மூலை எப்போதும் கனம்.

அவரே சைக்கிள் டியூப் பற்றியும் கேட்டார். ஒரு சின்ன சைக்கிளின் டியூபில் பாதிக் காற்று அடித்து, அதன் மேல் ஒரு கிரானைட் பலகையை வைத்து, அதன் மேல் டர்ன்டேபிளை வைப்பது பழைய தந்திரம். நூறு மில்லிமீட்டர் கணக்கில் ஸ்பிரிங் தேட வேண்டியதில்லாமல் தாழ்ந்த இயல் அதிர்வெண் கிடைக்கும். நன்றாகவே வேலை செய்கிறது. காற்று இறங்க இறங்க மட்டம் சாயும், தட்டை மாற்றும்போதெல்லாம் எல்லாம் ஊஞ்சலாடும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு வாரம் தாங்காது. ஸ்பிரிங் உள்சட்டம் கொண்ட டர்ன்டேபிளை இதன் மேல் வைக்கவே கூடாது. இரண்டு ஸ்பிரிங்குகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஆடி, ஒன்றை ஒன்று தூண்டிவிடும்.

21 ஜனவரி

மிச்சமிருக்கும் மின்னணுப் பெட்டிகள்.

டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடி வெற்றிடக் குழாய்கள் கொண்ட வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு அதிர்வு நிஜமான எதிரி. கண்ணாடிக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் கம்பி நடுங்கினால் மின்னோட்டமும் நடுங்கும். ஓர் ஈசிசி83 வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணிபோல் ஒலிக்கும். சில வால்வுகளில் கூடுதல், சிலவற்றில் குறைவு. இதற்காகவே நடுக்கத்தைத் தாங்கும்படி வடிவமைத்த இஎஃப்86 வால்வுகூட, கிடார் ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரோடு ஒரே பெட்டிக்குள் அடைக்கப்பட்டபோது தாங்கவில்லை. வாக்ஸ் நிறுவனம் தன் ஏசி30 மாடலில் அதைக் கைவிட்டு ஈசிசி83-க்கு மாறியது. வால்வுக்கு மேல் மாட்டும் தணிப்பு வளையங்களும் மெத்தென்ற பாதங்களும் இங்கே பயனுள்ளவை.

டிரான்சிஸ்டர் பெட்டிகளில் நடுக்கத்தை மின்சாரமாக்கும் பொருள் ஒன்றைச் சொல்லலாம்: எக்ஸ்7ஆர் போன்ற சில வகை செராமிக் கெப்பாசிட்டர்கள் (மின்தேக்கிகள்). நல்ல வடிவமைப்பில் இசை செல்லும் வழியில் அவற்றைப் போடமாட்டார்கள். டிஜிட்டல் கருவிகளின் குவார்ட்ஸ் கடிகாரமும் முடுக்கத்துக்கு அசைந்துகொடுக்கும். ஆனால் புவியீர்ப்பு அளவு முடுக்கத்துக்கே நூறு கோடியில் ஒரு பங்கு என்ற வரிசையில்தான் மாறும். ஹாலில் உள்ள மேசை அந்த முடுக்கத்தில் ஆடினால் முதலில் வீட்டை விட்டு வெளியே ஓடுங்கள்.

சிடி பிளேயர்: தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்றில் தொடங்கி 200-இல் முடிகிறது, தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரான் இடைவெளி. கேட்கவே பயமாகத்தான் இருக்கிறது. ஆயினும் தடத்தில் 2.5 மில்லிமீட்டர் வரை தொடர்ந்து அழிந்துபோனாலும் முழுமையாக மீட்டெடுக்கும் பிழை திருத்தம் அதற்குள் இருக்கிறது; மீட்டெடுத்த எண்கள் ஒரு நினைவகத்தில் காத்திருந்து, கடிகாரத்தின் தாளத்தில் வெளியே போகின்றன. குண்டும் குழியுமான சாலைகளில் காருக்குள் சிடி ஓடியது இதனால்தான். தாங்க முடியாத அதிர்வு வந்தால் பாட்டு வெட்டுப்படும். வெட்டுப்படாதவரை குரலின் இனிமை குறைய வழியில்லை.

ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் 100 ஹெர்ட்ஸில் முனகி, அது வைத்திருக்கும் பலகையை ஒலிக்கச் செய்தால் மட்டும் அடியில் ரப்பர் வையுங்கள். அதற்குப் பாத்திரக் கடையில் கிடைக்கும் ரப்பர் போதும்.

22 ஜனவரி

‘என் காதால் கேட்டேன்’ என்று மூவர் எழுதியிருக்கிறார்கள். கேட்டீர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்பைக்கைத் திருகுவதற்குள் பத்து நிமிடம் போய்விடுகிறது. அதற்குள் முந்தைய ஒலியின் நுணுக்கம் நினைவில் நிற்பதில்லை. திரும்பி உட்காரும்போது தலை ஒரு சாண் நகர்ந்திருக்கும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர்தான் என்பதால் அந்த ஒரு சாணில் உச்ச ஒலிகள் முழுக்க வேறாகிவிடும். பணம் கொடுத்தாயிற்று என்பது வேறு.

எனக்கும் ஒரு சமயம் பித்தளைக் கூம்புகள் வைத்த சிடி பிளேயர் தெளிவாகக் கேட்டது. உறவினர் ஒருவரைக் கொண்டு எனக்குத் தெரியாமல் எடுக்கவும் வைக்கவும் சொல்லிக் கேட்டேன். என் விடைகள் நாணயத்தைச் சுண்டியதற்கு மேல் போகவில்லை. இப்படிச் சோதிப்பவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைக்கலாம்: 16 முறையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 16-இல் 9 சரி என்பது எதையும் நிரூபிக்காது. கூம்புகள் இப்போது வீட்டில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகின்றன. அந்தப் பணியில் அவற்றின் மேல் குறை சொல்ல ஏதுமில்லை.

இதில் ஒரு மறுயோசனையும் உண்டு. டர்ன்டேபிளுக்கு இந்தச் சோதனை எளிதல்ல, ஏனென்றால் ஸ்டாண்டை மாற்றும்போதே மட்டமும் ஊசியின் அழுத்தமும் கொஞ்சம் நகரும். அங்கே காதைவிட 14-ஆம் தேதி எழுதிய பதிவு முறையைத்தான் நம்புகிறேன். கைபேசியிலும் ஓரளவு பார்க்கலாம். ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலியைத் திறந்து, கைபேசியை மேசையில் கிடத்தி, முடுக்கமானியின் அலைமாலையைக் கவனித்தால், தண்ணீர் மோட்டார் ஓடும்போது 48 ஹெர்ட்ஸ் அருகே கோடு எழுகிறதா என்று தெரியும். உங்கள் கைபேசி நொடிக்கு 100 முறை மட்டும் அளப்பதாக இருந்தால், அதன் எல்லை 50 ஹெர்ட்ஸ். அதற்கு மேலுள்ளவை தாழ்ந்த இடத்தில் போலியாகத் தோன்றும். நானோமீட்டர் அசைவுகள் இதில் தெரியாது. மேசைகளை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் இது போதும்.

28 ஜனவரி

ஸ்பீக்கர் ஸ்டாண்டை உள்ளூரில் செய்துகொள்ள விரும்பும் இருவருக்கு. வெல்டிங் பட்டறையில் மூன்று அங்குல இரும்புச் சதுரக் குழாயும், அடியில் தடித்த இரும்புத் தகடும், மேலே ஸ்பீக்கரின் அடிப்பாகத்தைவிடச் சற்றுச் சிறிய தகடும் சொல்லிச் செய்யலாம். வெற்றுக் குழாயைத் தட்டினால் கோயில் மணியின் தம்பி பேசும். மணல் நிரப்பினால் வாயடைத்துவிடும். 60 சென்டிமீட்டர் குழாய்க்குள் ஐந்து கிலோவுக்கு மேல் மணல் பிடிக்கும். எடை அடியில் சேர்வதால் ஸ்டாண்ட் எளிதில் கவிழாது. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் ஒலியைவிட இது முக்கியம்.

மணலை வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சலித்துப் போடுங்கள். கடற்கரை மணலை எடுத்துவர வேண்டாம். அதிலுள்ள உப்பு இரும்பை உள்ளிருந்தே தின்றுவிடும், சென்னையின் ஈரக்காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். எம்-சாண்ட் போதும். குழாயின் வாயைச் சிலிகான் வைத்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்புகள் அதைத் தங்கள் வீடாக எண்ணிக்கொள்ளும். ஸ்பீக்கருக்கும் மேல்தகட்டுக்கும் இடையே பிசைந்து ஒட்டும் புளூடேக்கை நான்கு சிறு உருண்டைகளாக வைத்தால் வழுக்காது. விலையுயர்ந்த பாதம் செய்யும் வேலையில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும்.

டர்ன்டேபிளுக்கு வெறும் கிரானைட் பலகையை மேசை மேல் போடுவது பற்றி: தட்டிப் பாருங்கள், கணீரென்று ஒலிக்கும். தனியாக அதை நம்ப வேண்டாம். இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே பிசுபிசுப்பான ஒட்டுப்பொருளைத் தடவி ஒட்டினால் அந்தக் கணீர் செத்துவிடும்.

4 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஸ்பீக்கர்களை முக்காலியில் வைத்துக் கேட்டதில் குரல்கள் ‘ஷோகேஸை விட்டு வெளியே வந்துவிட்டன’ என்றும், ஆனால் அடிநாதம் குறைந்ததுபோல் இருக்கிறதே என்றும் எழுதியிருக்கிறார். அந்த அடிநாதத்தில் ஒரு பங்கு பலகை பாடியது; இன்னொரு பங்கு சுவருக்கு ஒட்டியிருந்ததால் கிடைத்த உயர்வு. பலகையின் பங்கு திரும்ப வராது, வர வேண்டாம். சுவரின் பங்கு வேண்டுமென்றால் ஸ்பீக்கர்களைச் சிறிது சிறிதாகப் பின்னே தள்ளிக்கொண்டே போய், ஆண்குரல் தடிக்கத் தொடங்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்துங்கள். தரையில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு செய்தால் வாதம் வராது.

டர்ன்டேபிள் இன்னும் ஷோகேஸில்தான் இருக்கிறது என்கிறார். ஸ்பீக்கர்கள் இறங்கிவிட்டதால் அது இப்போது பாதிப் பிரச்சினைதான். வாடகை வீடு என்பதால் கடப்பா கல் பதிக்க முடியாது என்றால், இரும்பு எல் ஆங்கிள் இரண்டும் ஒரு தடித்த பலகையும் போதும். பூசிய செங்கல் சுவரில் பிளாஸ்டிக் ரால் பிளக்கை நம்பாமல், விரியும் ஆங்கர் போல்ட்டாகப் போடுங்கள். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகிறதா என்று பாருங்கள். சமையலறைக்குப் பொதுவான சுவரைத் தவிருங்கள், அந்தப் பக்கம் மிக்ஸி இருக்கும்.